கிழிந்த சட்டையும் பெருவிரல் பதிவும்

 

சூரா யூசுஃபில் மூன்று இடங்களில் சட்டை வருகிறது. நாம் சிறுவயது மக்தபிலிருந்து கேட்டு வரும் வரலாறுதான். ஆனாலும் அந்தச் சட்டைகளை மட்டும் தனியாக எடுத்து யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு.

முதல் சட்டையைச் சகோதரர்கள் கொண்டு வருகிறார்கள். தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அவருடைய சட்டையில் பொய்யான இரத்தத்தைத் தடவி, ஓநாய் தின்றுவிட்டது என்று தந்தையிடம் அழுகிறார்கள். யஃகூப் நபி (அலை) அதை நம்பவில்லை. விரிவுரையாளர்கள் இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்வார்கள். பிள்ளையை ஓநாய் கடித்துக் குதறியிருந்தால் சட்டை கந்தலாகியிருக்க வேண்டும். வந்த சட்டையோ கிழியாமல் இருந்தது.

இரண்டாவது சட்டை எகிப்தில் கிழிகிறது. எஜமானனின் மனைவி யூசுஃப் நபி (அலை) மீது பழி சுமத்துகிறாள். இருவரும் ஆளுக்கொன்று சொல்ல, பார்த்தவர் யாரும் இல்லை. அப்போது அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே ஒரு வழி சொல்கிறார்: சட்டையைப் பாருங்கள், முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்த்தார்கள். பின்பக்கம் கிழிந்திருந்தது. தப்பி ஓடியவரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறாள் என்பது தெளிவாகிவிட்டது.

மூன்றாவது சட்டை யஃகூப் நபிக்குப் பார்வை திரும்பிய சட்டை. அது முஃஜிஸா, நம் பாடத்துக்குள் வராது.

இரண்டாவது சட்டைக்குப் பிறகு நடந்ததையும் குர்ஆன் சொல்கிறது. அத்தாட்சிகளைக் கண்ட பின்னரும் அவரைச் சிறையில் வைப்பதே நல்லது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் பொருளை வைத்து, நடந்தது என்ன, செய்தது யார் என்று கண்டறியும் கலைக்கு இன்று தடயவியல் என்று பெயர். இதன் வேர் எந்த ஒரு நாட்டிலும் மட்டும் இல்லை. சீனாவில் சொங் ட்ஸு என்ற நீதி அதிகாரி 1247-இல் பிணப் பரிசோதனை பற்றி ஒரு நூலே எழுதினார். ஒரு கிராமத்தில் அரிவாளால் வெட்டிக் கொலை நடந்தபோது, ஊரிலுள்ள அரிவாள்களையெல்லாம் வெயிலில் வரிசையாக வைக்கச் சொன்னதும், ஒரே ஓர் அரிவாளில் மட்டும் ஈ மொய்த்ததும் அந்த நூலில் உள்ள சம்பவம். கழுவினாலும் போகாத இரத்த வாடை ஈக்குத் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர், உடலுக்குள் போன பாஷாணத்தைக் கண்ணாடிக் குழாயில் பளபளக்கும் கருப்புப் படலமாகக் காட்டும் முறையை 1836-இல் வெளியிட்டார். விஷம் வைத்துக் கொல்வோருக்கு அதுவரை இருந்த துணிச்சல் அதன்பின் குறைந்தது. நம் சென்னைக்கும் இதில் பெருமைக்குரிய இடம் உண்டு. விஷச் சாவுகளைப் பரிசோதிக்க இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் இந்தியாவில் முதன்முதலாக அமைந்தது 1849-இல் மதராசில்தான். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அதற்குப் பிறகே வந்தது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அதன் வாரிசு.

இவையெல்லாம் தனித்தனிப் பாடங்கள். இந்த இதழில் விரல் ரேகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். காரணம், அதை உலகம் முழுவதும் பயன்படும்படி ஒழுங்குபடுத்தியதில் ஒரு வங்காள முஸ்லிம் இளைஞருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

விரலை வைத்தால் ஆளைச் சொல்லுமா?

ரேஷன் கடைக் கருவியில் விரல் வைக்காத குடும்பம் இன்று நம் மஹல்லாவில் இருக்காது. வயதான நன்னிமார்களுக்குப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கிப்போய், கருவி ஏற்காமல் திரும்பத் திரும்ப வைக்கும் சங்கடமும் நாம் பார்த்ததுதான். அந்தச் சிறிய கருவிக்குள் இருக்கும் எண்ணம் பிறந்ததும் வளர்ந்ததும் நம் நாட்டில்தான்.

தாயின் கருவறையில் மூன்று, நான்கு மாதச் சிசுவாக இருக்கும்போதே விரல் நுனியில் ரேகைகள் உருவாகிவிடுகின்றன. அதன்பின் மவுத்தாகும் வரை அவற்றின் அமைப்பு மாறுவதில்லை. ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை ஒன்றாக இராது. சூரா அல்கியாமாவில் விரல் நுனிகளைப் பற்றி வரும் வசனத்தை இதோடு இணைத்து மேடைகளில் பலர் பேசுகிறார்கள். அந்த வசனத்தின் பேச்சு மறுமையில் மனிதனை உயிர்ப்பித்து எழுப்புவதைப் பற்றியது. முற்கால விரிவுரையாளர்கள் அதற்கு வேறு பொருள்களும் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ்வின் வல்லமையை நம்புவதற்கு நமக்குப் போலீஸ் ஆய்வகத்தின் சான்று தேவையில்லை என்பதால், அந்த விவாதத்தை உலமாக்களிடமே விட்டுவிடலாம்.

1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கல் சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஓர் ஒப்பந்தம் போட்டார். பின்னால், நான் கையெழுத்தே போடவில்லை என்று மறுத்துவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய முழுக் கையையும் மையில் தோய்த்துத் தாளில் பதிய வைத்தார். முதலில் அது வெறும் பயமுறுத்தல்தான். பிறகு அவருக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது. பல வருடங்கள் பதிவுகளைச் சேர்த்து, ஒருவருடைய ரேகை காலப்போக்கில் மாறவில்லை என்பதைக் கண்டார். 1877-இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும் ஓய்வூதியம் வழங்கவும் விரல் பதிவைக் கட்டாயமாக்கினார். இறந்துபோனவரின் பெயரில் வேறொருவர் வந்து ஓய்வூதியம் வாங்கும் மோசடி அந்தக் காலத்திலேயே இருந்தது!

1880-இல் ஜப்பானில் மருத்துவப் பணியிலிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஹென்றி ஃபால்ட்ஸ், குற்ற இடத்தில் பதிந்த ரேகையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். 1892-இல் பிரான்சிஸ் கால்டன் லண்டனில் ரேகை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே வருடம் அர்ஜென்டினாவில் பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்ற தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொன்றுவிட்டுப் பழியை வேறொரு மனிதர் மீது போட்டாள். அந்த மனிதரைக் கடுமையாக விசாரித்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கதவில் பதிந்திருந்த இரத்தம் படிந்த பெருவிரல் ரேகை அந்தத் தாயுடையது என்று தெரிந்ததும் அவளே ஒப்புக்கொண்டாள். ஹுவான் வுசெடிச் என்ற காவல்துறை அலுவலர் அங்கே ரேகைப் பதிவை ஆரம்பித்திருந்ததால் நடந்தது இது. இல்லாவிட்டால் அந்த நிரபராதியின் கதி என்ன ஆகியிருக்கும்?

ஆனால் ஒரு பெரிய சிக்கல் தீராமலே இருந்தது. சந்தேகப்படும் ஆள் எதிரில் இருந்தால் அவருடைய ரேகையை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஆள் யாரென்றே தெரியாமல், சேமித்து வைத்த பத்தாயிரம் தாள்களில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால்? கம்ப்யூட்டர் இல்லாத காலம். பெயர் என்றால் அகர வரிசையில் அடுக்கலாம். ரேகையை எந்த வரிசையில் அடுக்குவது?

காஜி அஸீஸுல் ஹக்

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் 1872-இல் இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் பிறந்த காஜி அஸீஸுல் ஹக். சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் ஒரு படகு விபத்தில் இழந்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, கல்கத்தா வந்து சேர்ந்து, இரக்கமுள்ள ஒரு குடும்பத்தின் ஆதரவில் படித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கணக்கில் அபார திறமை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி வரை அந்தத் திறமைதான் அவரைக் கொண்டு போனது. ஒரு யத்தீம் பிள்ளையை யாரோ ஒரு குடும்பம் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்பியதால் விளைந்தது இவ்வளவும் என்பதை நம் அறக்கட்டளையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அப்போது வங்காளக் காவல்துறையின் தலைவர் எட்வர்ட் ஹென்றி. பாரிஸ் நகரத்து அல்போன்ஸ் பெர்தியோன் உண்டாக்கிய உடல் அளவு முறை அன்று புகழ்பெற்றிருந்தது. தலையின் நீளம், அகலம், நடுவிரல் நீளம், பாத நீளம் என்று கைதியின் உடம்பை அளந்து அட்டையில் எழுதி வைப்பார்கள். வங்காளத்தில் அதை அமல்படுத்த, கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மாணவரைக் கேட்டு ஹென்றி கல்லூரி முதல்வருக்கு எழுத, அவர் அனுப்பிய பெயர் அஸீஸுல் ஹக். சப்-இன்ஸ்பெக்டராக வேலை கிடைத்தது.

அளவு முறை அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒரே கைதியை இரண்டு போலீஸ்காரர்கள் அளந்தால் இரண்டு அளவு வந்தது. அவர் ரேகைப் பக்கம் திரும்பினார். அவரும் ஹேம் சந்திர போஸ் என்ற சக அலுவலரும் ஹென்றியின் கீழ் இதில் உழைத்தார்கள்.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். விரல் நுனியைப் பாருங்கள். கோடுகள் வில்லைப் போல ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகலாம், வளைந்து வந்த பக்கமே திரும்பலாம், அல்லது நீர்ச்சுழி போல வட்டமிடலாம். நம் ஊரில் சங்கு, சக்கரம் என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். (அதை வைத்து ஜோசியம் பார்ப்பது வேறு விஷயம், நமக்கு ஆகாத விஷயம்.) பத்து விரல்களையும் வலது பெருவிரலிலிருந்து தொடங்கி இடது சுண்டுவிரல் வரை ஒன்று முதல் பத்து என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து ஜோடி. சுழி இருக்கும் விரலுக்கு மட்டும் மதிப்பெண். முதல் ஜோடியில் சுழி இருந்தால் 16, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 4, நான்காவதில் 2, ஐந்தாவதில் 1. சுழி இல்லாத விரலுக்குப் பூஜ்யம்.

இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி, ஒன்று சேர்த்து மேலே எழுத வேண்டும். ஒற்றைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி, ஒன்று சேர்த்துக் கீழே எழுத வேண்டும். ஒருவருக்கு வலது பெருவிரலிலும் வலது மோதிர விரலிலும் மட்டும் சுழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருவிரல் ஒன்றாம் விரல், அதன் மதிப்பு 16, கீழே 17. மோதிர விரல் நான்காம் விரல், அதன் மதிப்பு 8, மேலே 9. ஆக அவருடைய எண் 9/17. எந்த விரலிலும் சுழி இல்லாதவருக்கு 1/1. பத்திலும் சுழி உள்ளவருக்கு 32/32. மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, பெருக்கினால் 1024.

1024 அறைகள் கொண்ட ஓர் அலமாரியைச் செய்து வைத்தார்கள். புதிதாக ஒரு கைதி வந்தால் அவருடைய பத்து விரலையும் பதிந்து, எண்ணைக் கணக்கிட்டு, நேராக அந்த அறைக்குப் போனால் போதும். அந்த அறைக்குள் நெருக்கம் அதிகமானால் பிரித்தடுக்க உட்பிரிவுகளும் வகுத்தார்கள். 1897-க்குள் அஸீஸுல் ஹக் சுமார் 7000 பேருடைய பதிவுகளை இப்படி அடுக்கி வைத்திருந்தார். அரசு நியமித்த குழு பரிசோதித்துப் பார்த்து இதுவே சிறந்தது என்று பரிந்துரைத்தது. அந்த வருடம் ஜூன் மாதம் ஒப்புதல் கிடைத்து, உலகின் முதல் விரல் ரேகை அலுவலகங்களில் ஒன்று கல்கத்தாவில் இயங்கத் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901 ஜூலையில்.

பஞ்சாங்கத்தில் ஒரு கறை

கல்கத்தா அலுவலகத்துக்கு விரைவிலேயே பெரிய சோதனை வந்தது. 1897-இல் ஜல்பைகுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேலாளர் படுக்கையிலேயே கழுத்தறுக்கப்பட்டுக் கிடந்தார். பெட்டியும் இரும்பு அலமாரியும் உடைக்கப்பட்டு, சில நூறு ரூபாய் காணாமல் போயிருந்தது.

சந்தேகம் யார் மீது போகும்? தோட்டத் தொழிலாளர்கள் மீது போயிற்று. மேலாளர் அவர்களிடம் கடுமையாக நடந்துகொள்பவர். சமையற்காரர் மீது போயிற்று. அவர் உடையில் இரத்தக் கறை இருந்தது. எஜமானின் இரவுச் சாப்பாட்டுக்குப் புறா அறுத்தேன், அந்த இரத்தம்தான் என்றார் அவர். யார் நம்புவார்கள்? பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த காபூலிகள் மீதும் போயிற்று. ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்யும் ஆப்கானிய முஸ்லிம்கள் அவர்கள். வன்முறைக்காரர்கள் என்று அன்றைய போலீஸ் அவர்களைப் பொதுவாகவே முத்திரை குத்தி வைத்திருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி அடித்து விசாரித்திருந்தால் இவர்களில் யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டே இருப்பார்.

பெட்டியில் இருந்த தாள்களோடு வெளிர் நீல அட்டை போட்ட வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. அட்டையில் பழுப்பு நிறத்தில் இரண்டு மங்கிய கறைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒன்றில் வலது கை விரல் ரேகையின் பகுதி தெரிந்தது. இரசாயனப் பரிசோதகர் அது பாலூட்டி இனத்தின் இரத்தம் என்றார். அதாவது புறா இரத்தம் இல்லை. கல்கத்தா அலுவலகத்தில் தேடினார்கள். காங்காலி சரண் என்பவருடைய வலது பெருவிரலோடு அது பொருந்தியது. மேலாளரிடம் முன்பு வேலை பார்த்தவர். திருடியதற்காக அவரே வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பியவர். சில வாரங்களுக்கு முன்னர்தான் விடுதலையாகி வெளியே வந்தவர். அவரைப் பல மைல் தொலைவில் பீர்பூம் மாவட்டத்தில் பிடித்தார்கள்.

1898-இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக் குற்றம் நிரூபணமானது, இரண்டு வருடச் சிறை. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைத் தொட்டதை ரேகை காட்டியது. கழுத்தை அறுத்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. கொலைகாரன் தப்பிவிட்டான் என்று இதைப் படிக்கும் பலர் குறைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தடயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் எடுத்துக்கொள்வோம், மீதியை ஊகத்தால் நிரப்ப மாட்டோம் என்று அந்த நீதிமன்றம் நின்றுவிட்டது. உயிர்த் தண்டனை விஷயத்தில் இந்தத் தயக்கம் வேண்டும். சந்தேகம் இருந்தால் தண்டனையைத் தவிர்ப்பது என்பது நம் ஃபிக்ஹு நூல்களிலும் உள்ள அடிப்படை. அடுத்த வருடமே, 1899-இல், விரல் ரேகை நிபுணரின் கருத்தை ஏற்கும்படி இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு திருத்தப்பட்டது.

சமையற்காரரும் காபூலிகளும் அதன்பின் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

யாருடைய பெயர் நின்றது?

ஹென்றி 1900-இல் தம் நூலை வெளியிட்டார். அதில் அஸீஸுல் ஹக், போஸ் இருவருக்கும் உரிய இடம் இல்லை. உலகம் முழுவதும் ஹென்றி முறை என்றே பெயர் பரவியது. அவர் 1903-இல் லண்டன் காவல் ஆணையராகவும் ஆனார். ஒருநாள் ரயிலில் போகும்போது அவர் மனதில் இந்த யோசனை மின்னியதாகவும், கையில் தாள் இல்லாததால் சட்டைக் கைப்பட்டியிலேயே எழுதிக்கொண்டதாகவும் ஒரு கதை நெடுங்காலம் உலவியது. இன்னொரு சட்டை! அன்றைய லண்டனில் யஃகூப் நபியைப் போல அந்தச் சட்டையை உற்றுப் பார்த்தவர் யாரும் இல்லை போலும்.

ஹென்றியை முழுக்கக் குறை சொல்வதும் நியாயமாகாது. ரேகையின் பயனை உணர்ந்து, அரசோடு மன்றாடி அதை நிலைநாட்டியவர் அவர்தான். அஸீஸுல் ஹக் பிற்காலத்தில் தமக்கு உரிய அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தபோது, 1926-இல் ஹென்றி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தம் பணியாளர்களில் வேறு எவரையும் விட இந்த முறையைச் செம்மையாக்கியதில் இவருடைய பங்கே அதிகம் என்ற பொருளில் அதில் ஒப்புக்கொண்டார். கால் நூற்றாண்டு தாமதம். இதற்குள் அஸீஸுல் ஹக் கான் சாஹிப், கான் பகதூர் பட்டங்களைப் பெற்றிருந்தார். 5000 ரூபாய் சன்மானமும் கிடைத்தது. ஒற்றை விரல் பதிவை வகைப்படுத்தவும், ரேகை விவரத்தைத் தந்தி மூலம் அனுப்பவும் வழி கண்ட போஸுக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. அஸீஸுல் ஹக் பீஹாரில் பணியாற்றி, மோதிஹாரியில் 1935-இல் காலமானார். பிரிவினைக்குப் பின் அவருடைய குடும்பத்தார் பாகிஸ்தான் சென்றுவிட்டார்கள். பிரிட்டனின் விரல் ரேகைச் சங்கம் பின்னாளில் இவர்கள் இருவர் பெயரிலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது.

மாட்ரிட் பையும் ஒரெகன் வழக்கறிஞரும்

இவ்வளவு நேரம் ரேகையின் வெற்றியைப் பேசினோம். அது ஒரு முஸ்லிம் குடும்பத்தை எப்படி வாட்டியது என்பதையும் பேசாமல் விட்டால் பாடம் அரைகுறையாகிவிடும்.

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்ட அப்பாவிகள் இறந்தார்கள். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை ஸ்பெயின் போலீஸ் மற்ற நாடுகளுக்கும் அனுப்பியது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யின் கம்ப்யூட்டர் இருபது பேருடைய பதிவுகளை நெருங்கியவை என்று காட்டியது. அதில் ஒருவர் ஒரெகன் மாநிலத்து வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டு. முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அவருடைய ரேகை பதிவில் இருந்தது. எகிப்தியப் பெண்ணை மணந்து இஸ்லாத்தை ஏற்றவர். பல வருடங்களாக அமெரிக்காவை விட்டு வெளியே போனதில்லை.

எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் மூன்று பேர் இது அவருடைய ரேகையே என்றார்கள். ஏப்ரல் மாதமே ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று பதில் எழுதியது. பொருந்தவில்லை என்று சொன்ன பிறகும், மே 6 அன்று அவரைக் கைது செய்தார்கள். சூரா யூசுஃபின் அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் எஃப்.பி.ஐ. சொன்னதையே சொன்னார். இரண்டு வாரம் கழித்து, அது ஓர் அல்ஜீரியருடைய ரேகை என்று ஸ்பெயின் கண்டுபிடித்து அறிவித்த பின்னரே மேஃபீல்டு விடுதலையானார். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006-இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

அமெரிக்க நீதித்துறையின் தணிக்கை அதிகாரி இதை விரிவாக விசாரித்து அறிக்கை தந்தார். அதிலுள்ள செய்தி நாம் எதிர்பார்ப்பது போல நேரடியாக இல்லை. நிபுணர்கள் முதலில் ரேகையைப் பொருத்தியபோது அவர் முஸ்லிம் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தவறுக்குக் காரணம், இரண்டு ரேகைகளும் உண்மையிலேயே மிக நெருங்கி இருந்ததும், மேஃபீல்டின் பதிவைப் பார்த்துவிட்டு மங்கலான பையின் ரேகையில் அதே புள்ளிகளைத் தேடியதும்தான். பிறகுதான் அவருடைய மார்க்கம் தெரிய வந்தது. ஸ்பெயின் மறுத்த பிறகும் மறுபரிசீலனை செய்யத் தோன்றாமல் போனதற்கு அதுவும் சேர்ந்திருக்கலாம் என்பதை நிபுணர்களில் ஒருவரே ஏறத்தாழ ஒப்புக்கொண்டார். வேறொரு சாதாரண ஆளாக இருந்திருந்தால் இன்னும் சந்தேகத்தோடு பார்த்திருப்போம் என்ற கருத்தில் அவர் பேசியது அறிக்கையில் பதிவாகியுள்ளது.

மேஃபீல்டைச் சிறைக்கு அனுப்பியது ரேகைதான். அவரை வெளியே கொண்டு வந்ததும் ரேகைதான். இரண்டு முறையும் பை ஒன்றே. பார்த்த கண்கள் வேறு.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவருடைய போட்டோவைப் போட்டு, இவன்தான் திருடன், இவள்தான் பிள்ளை பிடிப்பவள் என்று பரப்புகிறோமே, அதற்கு முன் யாராவது ஒருவர் சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறோமா? சூரா அல்ஹுஜுராத்தில் வரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற கட்டளைக்குப் பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படாது.

பிள்ளைகளுக்கு வீட்டு வேலை

ஒரு வெள்ளைத் தாள், ஒரு ஸ்டாம்பு மைப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வலது பெருவிரலில் தொடங்கிப் பத்து விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக உருட்டிப் பதியுங்கள். அழுத்தினால் மை அப்பிக் கோடு தெரியாது. எந்தெந்த விரலில் சுழி என்று குறித்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டு, 1024 அறைகளில் உங்கள் அறை எது என்று கண்டுபிடியுங்கள். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் போட்டுப் பாருங்கள். ஒரே அறை வந்தாலும் வரலாம். அப்போது இருவருடைய ரேகைகளையும் பக்கத்தில் வைத்து, கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று எண்ணினால் வேறுபாடு தெரிந்துவிடும். நிபுணர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

முடிந்ததும் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆவணங்களில் இருக்கும் விரல் பதிவை நகலெடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வசதியில் பிறருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் திருடிய சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. ஆதார் செயலியிலோ ஆதார் இணையதளத்திலோ உங்கள் விரல் பதிவைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கும்போது ரேஷன் கடைக் கருவியும் விரலை ஏற்காது. போவதற்கு முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். செல்போனில் இதைச் செய்யத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.